பிக்கப் வண்டியும் அதன் முன்கைகளும்

நம் சங்கத்துக் குடும்பங்களில் பிக்கப் வண்டியை நம்பி அடுப்பு எரிவன பல. இராயக்கோட்டைத் தக்காளியையும் ஓசூர்க் கோசையும் விடியுமுன் கலாசிப்பாளையத்தில் கொண்டு சேர்ப்போர் உளர். வீடு மாறிச் செல்வோரின் பண்டபாத்திரங்களைச் சேலத்துக்கும் வேலூருக்கும் ஏற்றிச் செல்வோர் உளர். கட்டட வேலைக்குக் கம்பியும் சிமெண்டும் சுமப்போர் உளர். அவர்களுள் இளைஞர் பலர் அண்மைக் காலத்தில் ஒரு வேலையில் நாட்டம் கொண்டுள்ளனர். வண்டியின் முன்புறத்தை உயர்த்துவதும், அதன் கைகளைக் கழற்றிவிட்டு வேறு கைகள் பூட்டுவதுமே அவ்வேலை. அது எப்போது வேண்டும், எப்போது வேண்டா என்பதைக் குறித்து எழுதுமாறு சில அன்பர்கள் கேட்டனர்.

நாம் மோட்டார்த் தொழில் பயின்றோம் அல்லோம். இரயில்வேயில் சரக்குக் கணக்கு எழுதும் குமாஸ்தா வேலை பார்க்கிறோம். பத்தாம் வகுப்புக்கு மேல் படித்ததும் இல்லை. ஆயினும் இவ்வேலையின் நன்மையையும் தீமையையும் ஒரே வண்டியில் கண்கூடாகக் கண்டோம். அவ்வண்டியில் நாமே அமர்ந்திருந்தோம். ஆதலின் எழுதத் துணிந்தோம்.

தொப்பூரில் ஓர் இரவு

அல்சூரில் வாழும் நம் மைத்துனர், மனைவியின் தம்பி, நான்கு ஆண்டுகளுக்கு முன் பழைய பிக்கப் ஒன்றைத் தவணைக் கடனில் வாங்கினார். வண்டியின் பெயர் இங்கு வேண்டா. அதன்மேல் குற்றம் ஒன்றும் இல்லை. தேன்கனிக்கோட்டைப் பக்கத்துத் தோட்டங்களுக்கு மழைக்காலத்தில் செல்லும்போது, சக்கரத் தடத்தின் நடுமேடு வண்டியின் அடிவயிற்றில் உரசியது. அதனை அவர் ஒரு பட்டறையில் சொன்னார். அவர்கள் முன் ஸ்பிரிங்கின் தலைமேல் ஓர் இரும்பு வில்லையை வைத்து, அரை நாளில் வண்டியை இரண்டு அங்குலம் உயர்த்திக் கொடுத்தனர். பார்வைக்கு வண்டி மிடுக்காக நின்றது. மைத்துனருக்கு மகிழ்ச்சி. செலவும் சொற்பம்.

இரண்டு மாதம் கழித்து, சேலத்துக்குக் குடிபெயரும் ஒரு குடும்பத்தின் சாமான்களை ஏற்றிக்கொண்டு அவர் புறப்பட்டார். நமக்கும் சேலத்தில் ஒரு திருமண அழைப்பு இருந்தமையால் உடன் சென்றோம். தர்மபுரியைக் கடந்து தொப்பூர்க் கணவாயில் இறங்கும்போது இரவு பதினொரு மணி. சேலம் நோக்கிய அவ்விறக்கம் விபத்துக்குப் பேர்போனது என்பதைத் தமிழ்நாட்டு லாரிக்காரர் யாரும் சொல்வர். ஒரு வளைவில் திரும்பியபின், தானே நேராகத் திரும்ப வேண்டிய ஸ்டீயரிங் திரும்பவில்லை. மைத்துனர் இழுத்துத் திருப்ப வேண்டியதாயிற்று. திருப்பியதும் வண்டி மறுபக்கம் அலைந்தது. இடப்பக்கத்தில் ஒரு டாங்கர் லாரி. அதற்கும் நமக்கும் இடையே ஒரு முழம் இருந்திருக்கலாம்.

“அத்தான், வண்டி என் சொல் கேட்கவில்லை” என்றார் அவர். அவர் குரலில் அத்தகைய நடுக்கத்தை நாம் அதற்குமுன் கேட்டதில்லை.

கணவாய் முடிந்து ஒரு தேநீர்க் கடையில் நிறுத்தினோம். விளக்கொளியில் முன் டயர்களைப் பார்த்தால், இரண்டும் உட்புற விளிம்பில் மொட்டையாகத் தேய்ந்திருந்தன. வெளிப்புறம் புதியது போல் இருந்தது. வாங்கி மூன்று மாதம்கூட ஆகாத டயர்கள் அவை. அங்கிருந்து சேலம் வரை நாற்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் செல்லவில்லை.

கைகள் எவை?

நடந்தது இன்னதென்று விளங்க, வண்டியின் முன்சக்கரம் எவ்வாறு நிற்கிறது என்பதை அறிதல் வேண்டும்.

மாட்டுவண்டியில் இரு சக்கரங்களையும் ஒரே அச்சு இணைக்கிறது. ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் மற்றதும் சாய்கிறது. பழைய மோட்டார்களும் அவ்வாறே இருந்தன. இன்றும் சில சிறு சரக்கு வண்டிகள் அம்முறையில் ஓடுகின்றன. 2005-இல் வெளிவந்த டாடா ஏஸ் வண்டியின் முன்புறமும் அச்சும் பட்டை வில்லும் கொண்டதே. அத்தகைய வண்டிக்குக் கைகளே இல்லை. ஆகவே கைகளை மாற்றும் பேச்சும் இல்லை. அத்தகைய வண்டி வைத்திருக்கும் அன்பர்கள் இவ்வளவில் கவலையற்று இருக்கலாம்.

1934-இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் தன் கார்கள் சிலவற்றில் முன்சக்கரங்களைத் தனித்தனியே தொங்கவிடும் முறையைக் கொணர்ந்தது. மாரிஸ் ஆலி என்னும் ஆங்கிலேயப் பொறியாளர் அவ்வேலையில் முன்னின்றார். அம்முறையின் வழிவந்ததே இன்றைய பிக்கப் பலவற்றில் உள்ள இரட்டைக் கை அமைப்பு. ஆந்திரத்து ஸ்ரீசிட்டியில் 2016 முதல் செய்யப்படும் இசுஸு டி-மேக்ஸ் வண்டியிலும், நம் பெங்களூரை அடுத்த பிடதியில் உருவாகி 2022-இல் அறிமுகமான டொயோட்டா ஹைலக்ஸ் வண்டியிலும் முன்புறம் இவ்வமைப்பே உள்ளது. பின்புறம் பாரம் தாங்கப் பட்டை வில் உண்டு.

ஒவ்வொரு முன்சக்கரத்துக்கும் மேலொன்று கீழொன்றாக இரு கைகள். கவட்டைக் கழி போல் ஒவ்வொரு கைக்கும் இரு கிளைகள். கிளைகளின் முனை சட்டத்தில் ரப்பர் புஷ்களின் வழியே பூட்டப்பட்டு, கதவு கீலில் ஆடுவது போல் மேலும் கீழும் ஆடும். கிளைகள் கூடும் முனையில் பால் ஜாயின்ட் இருக்கும். அது நம் தோள் மூட்டைப் போன்றது. கிண்ணத்துக்குள் குண்டு சுழல்வதால் சக்கரம் மேலும் கீழும் ஏறி இறங்கவும், இடமும் வலமும் திரும்பவும் இயலும். ஸ்பிரிங் கீழ்க்கையின்மேல் அமர்ந்திருப்பதால் வண்டியின் பாரத்தை முதன்மையாகக் கீழ்க்கையே ஏற்கிறது. மேற்கையின் வேலை வேறு. சக்கரத்தின் தலையைப் பிடித்து, அது எந்தக் கோணத்தில் நிற்க வேண்டுமோ அந்தக் கோணத்தில் நிறுத்துவதே அதன் வேலை.

அக்கோணங்கள் மூன்று. முன்னே நின்று பார்க்கையில் சக்கரத்தின் தலை உள்ளோ வெளியோ சாய்வது கேம்பர். மேலிருந்து பார்க்கையில் இரு சக்கரங்களின் மூக்கும் உள்நோக்கியோ வெளிநோக்கியோ இருப்பது டோ. மூன்றாவது காஸ்டர். இதனை அறியச் சைக்கிளை நோக்குக. அதன் முன் கவை நேர்க்குத்தாக நில்லாமல், தலை பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். கையை விட்டாலும் சைக்கிள் நேரே ஓட அச்சாய்வும் துணைசெய்கிறது. மோட்டாரிலும் மேல் பால் ஜாயின்ட் கீழதைவிடச் சற்றுப் பின்தள்ளி இருப்பதே காஸ்டர். வளைவில் திரும்பியபின் ஸ்டீயரிங் தானே நேராவது இதனால்தான்.

உயர்த்தினால் நேர்வது

ஸ்பிரிங்கின் தலையில் வில்லை வைத்தால் சட்டம் மேலே எழுகிறது. சக்கரம் தரையிலேயே நிற்கிறது. ஆகவே கைகள் இரண்டும் கீழ்நோக்கித் தொங்குகின்றன. ஸ்பிரிங் கையின் நடுப்பகுதியில் அமர்ந்திருப்பதால், ஓர் அங்குல வில்லை சக்கரத்தருகே ஏறக்குறைய இரண்டு அங்குல உயரமாகிறது. பட்டறைக்காரர் வைத்த சிறு வில்லை பெரிய மாற்றம் செய்தது இவ்வாறே.

கை தொங்கினால் சக்கரத்தின் தலை இடம் மாறுகிறது. கேம்பர் கெடுகிறது, டயர் ஒரு விளிம்பில் தேய்கிறது. காஸ்டர் குறைகிறது, ஸ்டீயரிங் நேராக மறுக்கிறது. அலைன்மென்ட் கடையில் கேம்பரைச் சரிசெய்ய முனைந்தால், பல வண்டிகளில் இருக்கும் காஸ்டரையும் அதற்கு விலையாகத் தர நேரிடும். பால் ஜாயின்ட் தன் அசைவின் எல்லையருகே எப்போதும் நின்று, அதன் ரப்பர் உறை கிழிந்து, மண்ணும் நீரும் புகும். சக்கரம் பள்ளத்தில் முழுதும் இறங்கும்போது சில வண்டிகளில் மேற்கை ஸ்பிரிங்கிலேயே இடிக்கும். பிரேக் குழாய் இழுபடும். இவ்வளவும் செய்த வில்லை, வண்டியின் தாங்கும் வலிமையை ஒரு கிலோகூடக் கூட்டுவதில்லை. உயரம் வேறு, வலிமை வேறு. இதனை அறியாமையே நம் மைத்துனரைத் தொப்பூர் வரை கொண்டுசென்றது.

மேஸ்திரியார் சொன்னது

பெங்களூரில் மோட்டார் உதிரிச் சாமான் என்றால் ஜே.சி. ரோடுதான், சென்னைக்குப் புதுப்பேட்டை எப்படியோ அப்படி. அதனை ஒட்டிய சந்து ஒன்றில் ஆம்பூர்ப் பக்கத்து மேஸ்திரி ஒருவர் பட்டறை வைத்திருக்கிறார். வண்டியை அவரிடம் விட்டோம். அவர் ஜாக்கில் ஏற்றி, ஒரு கடப்பாரையை டயரின் அடியில் கொடுத்து நெம்பினார். சக்கரத்தின் தலை கடகடவென்று ஆடியது.

“தம்பி, மேல் பால் ஜாயின்ட் போய்விட்டது. இது கழன்றால் சக்கரம் சாய்ந்து விழும். நேற்றுக் கழலாதது உங்கள் வீட்டுப் புண்ணியம்” என்றார்.

மைத்துனர் உடனே, “நல்ல கைகளாக இரண்டு போட்டுவிடுங்கள், உயரம் அப்படியே இருக்கட்டும்” என்றார். மேஸ்திரியார் கருவியைக் கீழே வைத்துவிட்டு மூன்று கேள்விகள் கேட்டார். உயரம் உண்மையில் வேண்டுமா? எவ்வளவு வேண்டும்? வண்டியில் எவ்வளவு ஏற்றுகிறாய்?

மூன்றாம் கேள்விக்கு மைத்துனர் தயங்கினார். நாம் விடவில்லை. இரயில்வேயில் ஒவ்வொரு சரக்குப் பெட்டியின் பக்கத்திலும் அது தாங்கும் எடை எழுதப்பட்டிருக்கும். அதனை மீறி ஏற்றினால் தண்டக் கட்டணம் விதிப்பது வழக்கம். அக்கணக்கை நாள்தோறும் எழுதும் நமக்கு, நம் வீட்டு வண்டியின் எடை தெரியாதது நாணமாயிற்று. மறுநாள் தக்காளி ஏற்றும் ஒருவரின் நல்ல வண்டியை இரவல் பெற்று, வழக்கமான பாரத்தை எடை மேடையில் நிறுத்திப் பார்த்தோம். பதிவுச் சான்றில் உள்ள மொத்த எடை வரம்பைக் கால் டன் அளவுக்கு மீறியிருந்தது. பின்புறம் அளவு மீறி ஏற்றினால் பின் வில் அமுங்கி, முன்சக்கரம் இலேசாகி, திருப்பத்துக்கு அடங்காது போகும் என்று மேஸ்திரியார் விளக்கினார். வண்டியின் அச்சுக்கும் ஏற்றும் பாரத்துக்கும் உள்ள உறவை வள்ளுவர் வலியறிதலுக்கே எடுத்துக்காட்டாக்கினார் அன்றோ?

முடிவில் உறுதியானது இது: வில்லையை எடுத்தெறிவது, களைத்த முன் ஸ்பிரிங்குகளுக்குப் பதிலாக அவ்வண்டிக்கு ஏற்ற புதியவற்றைப் போட்டு, உயரத்தை ஓர் அங்குலத்துக்குள் அடக்குவது, அவ்வுயரத்துக்கென வடிவமைத்த மேற்கைகளைப் பூட்டுவது, பாரத்தை வரம்புக்குள் வைப்பது. மைத்துனருக்குக் கடைசியே கசந்தது. ஒரு நடைக்குக் கிடைக்கும் கூலி குறையுமன்றோ? அவர் மனைவி அருகிலிருந்தார். “கூலி குறைந்தால் சமாளிக்கலாம் அண்ணா, மற்றது குறைந்தால்?” என்று நம்மிடம் கேட்டார். அதன்பின் பேச்சு எழவில்லை.

நல்ல கை, போலிக் கை

மாற்றுக் கையின் சிறப்பு யாது? உயர்த்துவது அதன் வேலை அன்று. உயர்த்தியதால் கலைந்த கோணத்தைத் திரும்பத் தருவதே அதன் வேலை. அதில் பால் ஜாயின்ட் சற்றுப் பின்தள்ளி அமைக்கப்பட்டிருக்கும். அதனால் இழந்த காஸ்டர் மீளும். ஜாயின்ட்டின் சாய்வும் மாற்றப்பட்டிருப்பதால் கை தொங்கினாலும் அது எல்லையில் முட்டாது. ஸ்பிரிங்கில் இடிக்காதபடி கையின் உடல் வளைந்திருக்கும்.

கடைத்தெருவில் மூன்று வகைக் கைகளைக் கண்டோம். எஃகுக் குழாயை வளைத்து வெல்டிங் செய்தவை ஒருவகை. அடித்து உருவாக்கிய அலுமினியக் கைகள் ஒருவகை. செய்தவர் பெயரோ எண்ணோ இன்றி, பளபளக்கும் வண்ணம் பூசிய கைகள் மற்றொருவகை. மூன்றாம் வகையின் விலை முதல்வகையில் மூன்றில் ஒரு பங்கே. மேஸ்திரியார் அதில் ஒன்றை வெயிலில் திருப்பிக் காட்டினார். வெல்டிங் வரியில் ஊசித் துளைகள் இருந்தன. பள்ளந்தோறும் அடிபடும் இரும்பில் அத்துளையிலிருந்தே விரிசல் பிறக்கும் என்றார்.

வாங்குவோர் கேட்க வேண்டியவை சில: கை நம் வண்டிக்கும் நாம் வைக்கும் உயரத்துக்கும் உரியதா? பால் ஜாயின்ட்டைத் தனியே மாற்ற இயலுமா? அதற்குரிய ஜாயின்ட்டும் உறையும் இங்கே கிடைக்குமா? சென்னையின் ரானே போன்ற நிறுவனங்கள் நெடுங்காலமாகப் பால் ஜாயின்ட் செய்துவரும் நாடு இது. ஆயினும் கடல்கடந்து வந்த கைக்கு உரிய அளவு இங்கே கிடைக்கும் என்று எண்ணிவிடலாகாது. புஷ் ரப்பரா, பாலியூரித்தேனா? ரப்பர் அதிர்ச்சியை விழுங்கும், ஓசை தராது. பாலியூரித்தேன் நெடுநாள் உழைக்கும். ஆனால் அதிர்ச்சியை மிகுதியாகக் கடத்தும், கிரீஸ் இன்றேல் கிறீச்சிடும். சுமை வண்டிக்கு ரப்பரே போதும் என்று மைத்துனர் தேர்ந்தார். பில்லோடு வாங்கினோம். ஓர் இணையின் விலை இரண்டு மாதத் தவணைக்குச் சமமாயிற்று.

பூட்டும் முறை

பூட்டுவது அரை நாள் வேலை; ஆயினும் இதில் தவறுவோர் மிகுதி. முதலாவது, அமுங்கிய ஸ்பிரிங் ஆளைக் கொல்லும் வலிமையுடையது. உரிய கருவி இன்றி அதனைக் கழற்றலாகாது. வண்டியை ஜாக்கில் மட்டும் நம்பி நிறுத்தாமல் தாங்கு கால்களில் இருத்த வேண்டும். இரண்டாவது, ரப்பர் புஷ் உள்ள கையின் போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கும் நிலையில் முழுதும் முடுக்கலாகாது. வண்டி தரையில் தன் பாரத்தோடு நின்றபின்னரே இறுதி முடுக்கம். தொங்கும்போது முடுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கியபடியே இருந்து விரைவில் கிழியும். மூன்றாவது, டார்க் ரெஞ்சு கொண்டு, சொல்லப்பட்ட அளவுக்கே முடுக்க வேண்டும். துளையுள்ள நட்டுக்குப் புதிய காட்டர் பின் இட வேண்டும். நான்காவது, ஸ்டீயரிங்கை இருபுறமும் முழுதும் திருப்பி, பிரேக் குழாயும் ஏபிஎஸ் ஒயரும் இழுபடாமலும் உரசாமலும் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியாயின் முன் தண்டின் மூட்டு உறைகளையும் நோக்க வேண்டும். முகப்பு விளக்கின் ஒளியையும் தாழ்த்திச் சரிசெய்ய வேண்டும்; உயர்ந்த வண்டியின் விளக்கு எதிரே வருபவர் கண்ணைக் குத்தும்.

இவற்றுக்கெல்லாம் பின் அலைன்மென்ட். அச்சிட்ட தாளைக் கேட்டு வாங்குக. நம் வண்டியில் முன்பு இடப்புறக் காஸ்டர் ஒரு பாகைக்கும் குறைவாக இருந்தது. வேலைக்குப் பின் இருபுறமும் ஏறக்குறைய மூன்று பாகை. 500 கிலோமீட்டர் ஓடியபின் மீண்டும் எல்லா முடுக்கத்தையும் அலைன்மென்ட்டையும் பார்த்தோம்.

சட்டமும் காப்பீடும்

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றினின்று வேறுபடும்படி வண்டியை மாற்றலாகாது என்கிறது. கேரளத்து வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்தியது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி, அனுமதியற்ற மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் தண்டமோ, இரண்டுமோ விதிக்கலாம். சரக்கு வண்டிக்கு எட்டு ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் தகுதிச் சான்று வேண்டும் என்பதையும் மறக்கலாகாது. ஆகவே கையில் ஸ்பானரை எடுக்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிக; காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்து மூலம் தெரிவிக்க. முதன்முறை இவ்விரண்டையும் செய்யாத மைத்துனர், இம்முறை இரண்டையும் செய்தபின்னரே வேலையைத் தொடங்கினார்.

முடிவாக

சென்ற தை மாதம் மீண்டும் அவருடன் சேலம் சென்றோம். தொப்பூரில் இறங்கும்போது இருவரும் பேசவில்லை. அதே வளைவில் அவர் ஸ்டீயரிங்கைச் சற்றே தளர்த்திப் பிடித்தார். அது தன் இடத்துக்கு மெல்லத் திரும்பி நின்றது. “கேட்கிறது அத்தான்” என்றார்.

அன்பர்களே, தோட்டச் சாலையும் மேடுபள்ளமும் நாள்தோறும் எதிர்ப்படும் வண்டிக்கு நல்ல ஸ்பிரிங்கும் ஏற்ற கைகளும் பயனுள்ளவை. நகரத்து நல்ல சாலையிலேயே ஓடும் வண்டிக்கு அவை வீண்செலவு. அப்பணத்தை டயருக்கும் பிரேக்குக்கும் செலவிடுக. மிடுக்குக்காக உயர்த்துவது ஒருபோதும் வேண்டா. ஏற்கனவே வில்லை வைத்து உயர்த்தியவர் யாரேனும் இதனைப் படித்தால், இன்றே முன் டயர்களின் இரு விளிம்பையும் கையால் தடவிப் பார்க்க. ஒரு விளிம்பு மட்டும் வழுவழுப்பாயின், அடுத்த நடைக்கு முன் நல்ல மேஸ்திரி ஒருவரிடம் பால் ஜாயின்ட்டைக் காட்டுக. அந்நடையின் கூலி போனாலும் போகட்டும்.